கையொப்பமும் மனச்சாட்சியும்

கற்பிட்டிக் குடாநாட்டில் கிணறு தோண்டுவது பெரிய காரியமன்று. ஒருபுறம் புத்தளம் கடனீரேரி, மறுபுறம் பெருங்கடல், இடையே நீண்டு கிடக்கும் மணல். அந்த மணலைச் சில அடி அகழ்ந்தாற் போதும், நீர் ஊறிவரும். அந்நீரை இறைத்தே இங்குள்ளோர் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகின்றனர். அந்நீரையே நெடுங்காலம் குடித்தும் வந்தனர். அதே மணலிலேதான் பள்ளிவாசல்களின் மையவாடிகளும், கத்தோலிக்கரின் சேமக்காலைகளும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கல்லறைகளும் உள்ளன. இறந்தோர் ஒருபுறம் உறங்க, இருப்போர் மறுபுறம் நீர் மொண்டு வாழ்ந்த இம்மண்ணில், புதைத்த உடல் நிலத்தடி நீரை நஞ்சாக்கும் என்றொரு பேச்சு 2020ஆம் ஆண்டுக்கு முன் எழுந்ததாக எம்மூர் முதியவர் எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை.

அவ்வாண்டின் துயரக் கதை எமது மாவட்டக் கரையோரத்திலேயே தொடங்கியது எனலாம். வென்னப்புவ, மாரவில முதலிய ஊர்களிலிருந்து இத்தாலிக்கு உழைக்கப் போனோர் பலர். அவர்கள் நாடு திரும்பிய வேளையில், 2020 மார்ச் 18ஆம் திகதி, நாட்டிலேயே முதன்முதலாகப் புத்தளம் மாவட்டத்திலும் நீர்கொழும்பை அடுத்த கொச்சிக்கடையிலும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மார்ச் 28ஆம் திகதி இலங்கையில் கொவிட் நோயால் நிகழ்ந்த முதல் மரணமும் மாரவிலைப் பகுதியைச் சேர்ந்த ஒருவருடையதே. அதற்கு முதல்நாள் சுகாதார அமைச்சு விடுத்த அறிவுறுத்தல், இந்நோயால் இறந்தோரை எரிக்கலாம், புதைக்கவும் செய்யலாம் என்றிருந்தது. மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் முஸ்லிம் ஒருவர் இறந்தார். குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக அவ்வுடல் எரிக்கப்பட்டது. மறுநாள் அறிவுறுத்தல் மாறியது. எரித்தல் ஒன்றே வழி என்றாயிற்று. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அதனைச் சட்டமாக்கியது. மார்ச் 27க்கும் 31க்கும் இடைப்பட்ட நான்கு நாட்களில் எந்த ஆய்வுகூடம் எதனைக் கண்டுபிடித்தது?

அத்தகைய கண்டுபிடிப்பொன்றை எவரும் எடுத்துக்காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலில், தொற்றுநோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்பது வெறும் கட்டுக்கதை என்றும், எரிப்பதும் புதைப்பதும் மக்களின் பண்பாட்டையும் வசதியையும் பொறுத்தது என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தது. பேராதனையில் மருத்துவம் கற்று, ஹொங்கொங்கில் பணியாற்றி, 2003இல் சார்ஸ் நோயின் கிருமியை இனங்கண்டோருள் முதல்வராக விளங்கிய பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயன்று, வைரஸ் உயிருள்ள கலத்திலேயே பெருகும், இறந்த உடலிலிருந்து அது பரவியதற்குச் சான்று எதனையும் தாம் காணவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உலகெங்கும் இந்நோயால் இறந்தோர் இலட்சக்கணக்கில் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தனர்.

எனினும் இங்கே தீ அணையவில்லை. 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன என அரசாங்கத்தின் கணக்கே பின்னர் கூறிற்று. கிறிஸ்தவர்களும் பிறரும் தம் வழமைக்கு மாறாக எரிக்கப்பட்டமை வேறு. தகனக் கட்டளையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆம் திகதி பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரத்திலேயே, பிறந்து 20 நாளேயான சிசுவொன்றின் உடல் பெற்றோர் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கஃபனுக்குரிய அந்தத் துணிகளும் இரவோடிரவாக அகற்றப்பட்டன. தமது உறவினரின் உடலைப் பொறுப்பேற்க மறுத்துக் குடும்பங்கள் நின்றபோது, உரிமை கோரப்படாத உடல்களை எரிக்கலாம் எனச் சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். உரிமை கோரப்படாத உடல்களாம்! எரியூட்டுவதற்கு இசைய மாட்டோம் என்று நின்ற மக்களை, உரிமை கோராதோர் என்று எழுதும் வல்லமை அலுவலக மொழிக்கு மட்டுமே உண்டு.

இவற்றை இப்போது எழுதத் துணிந்தமைக்கு ஒரு வகுப்பறைக் கேள்வியே காரணம். குறள் பாடமொன்றின் இடையே, 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றிக் கொடுப்போன் என மருத்துவத்தின் கூறுகளை நான்காக வள்ளுவர் வகுக்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்தாள். "சேர், எரிக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்த டொக்டருக்கு உண்மை தெரியாதா? தெரிந்துகொண்டுதான் வைத்தாரா?"

அவள் அதனை வெறும் ஆர்வத்தால் கேட்கவில்லை. அவளுடைய உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இரண்டு மணிநேர அவகாசத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பலநாள் அலைந்து, இக்கரைக்கு வந்து சேர்ந்தவர். அன்று அவ்வாறு பெயர்க்கப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினருக்குப் புத்தளமே புகலிடமாயிற்று. அம்மூதாட்டி 2021இல் கொவிட்டால் இறந்தார். அப்போது அடக்கம் செய்ய அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் தீவின் மறுகரையில், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மாத்திரம். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு அவரைக் கொண்டுசென்று புதைத்தார்கள். பிறந்த மண்ணுக்கும் வாழ்ந்த மண்ணுக்கும் உரியவராகாமல், மூன்றாவது ஊரொன்றின் மண்ணில் அவர் கிடக்கிறார். பேத்தி வைத்தியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு படிக்கிறாள். தான் சேரப்போகும் கூட்டம் எத்தகையது என்று அறிய விரும்புகிறாள். அவளுக்கு நாம் அன்று அளித்த விடை, "அது ஒரு தருமசங்கடம், பிள்ளை" என்பதே. சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினோம். வீடு வந்த பின்னரே அவ்விடை பொய் என்பது எமக்கு உறைத்தது.

தருமசங்கடம் என்பது யாது? இரு தருமங்கள் மோதுமிடத்தில், ஒன்றைக் காத்தால் மற்றொன்று அழியும் என்ற நிலையில், எதனைச் செய்வது எனத் தெரியாது மனிதன் திகைத்து நிற்பது. இதிகாசங்களில் அத்தகைய இடங்கள் பலவுண்டு. ஆனால் செய்யவேண்டியது இன்னதென ஒருவனுக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தும், மேலிடத்துக் கட்டளையோ நிறுவனத்தின் ஒழுங்கோ கையைக் கட்டிவிடும் நிலையை அப்பெயரால் அழைக்கலாகாது. அங்கே திகைப்பு இல்லை. அறிவு இருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேமற்றன் 1984இல் தாதியர் அறம் பற்றி எழுதிய நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். பின்னதை நாம் அறத் தவிப்பு எனலாம். அவர் தாதியரைப் பற்றி எழுதும்போதே இவ்வேறுபாட்டைக் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. கட்டளை இடுவோரிடையே அன்றி, கட்டளையை நிறைவேற்றுவோரிடையேதான் இந்நோய் முதலிற் கண்ணிற்படும்.

மெய்யான தருமசங்கடத்தையும் எமது வைத்தியசாலைகள் கண்டுள்ளன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, ஏப்ரல் 12ஆம் திகதி அரசு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்த நாட்களை நினைவுகூருங்கள். மருந்துகளிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு இது. பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவ்வாண்டு மார்ச்சில் வழமையான சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. பிறந்த குழந்தைகளின் சுவாசக் குழாய்கள் ஒருமுறை பயன்படுத்தி எறியவேண்டியவை. அவற்றை எறியாது கழுவித் தொற்றுநீக்கி மீண்டும் பயன்படுத்துங்கள் என்று வைத்தியர்களே வைத்தியர்களுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. இரு குழந்தைகள், ஒரு குழாய். அங்கே நின்ற தாதியின் திகைப்பு மெய்யான திகைப்பு. அவர் எதைச் செய்தாலும் ஓர் உயிருக்குத் தீங்கு இழைக்கப்பட்டிருக்கும். ஆயினும் அந்தக் கட்டிலருகே தருமசங்கடமாகத் தோன்றிய ஒன்று, கொழும்பில் நிதி அமைச்சின் மேசைமீது தருமசங்கடமாக இருந்ததில்லை. வரிக்குறைப்புக்கும் கடனுக்கும் வீண் கட்டுமானத்துக்கும் கையொப்பமிட்டவர்கள் திகைத்து நின்றதாக நாம் அறியோம். மேலே எளிதாக எடுக்கப்பட்ட முடிவு கீழே இறங்கி வர வர ஓர் ஏழைத் தாதியின் மனத்தை அறுக்கும் வாளாகிறது.

ஜனாஸா எரிப்பிலும் இவ்விறக்கத்தையே காண்கிறோம். கட்டளையை வரைந்த குழுவினர் எந்தத் தாயின் முகத்தையும் பார்க்கவில்லை. வர்த்தமானியை அச்சிட்டவன் பார்க்கவில்லை. "உடலைத் தர முடியாது" என்ற சொல்லைத் தன் வாயால் உச்சரிக்கவேண்டியிருந்தவர் வார்ட்டின் தாதியோ, பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ ஆவார். உடலைப் பொதிந்து பெட்டியிலிட்டவர் பிரேத அறையின் சிற்றூழியர். குளிப்பாட்டவும் கூடாது, தொழவைக்கவும் கூடாது, முகத்தைச் சில நிமிடம் பார்க்கலாம் என்று நேரம் கணித்து நின்றவர்களுள் எத்தனை பேருக்கு இரவில் உறக்கம் கெட்டது? அவர்களுக்குள் முஸ்லிம்களும் இருந்தார்கள். தன் மார்க்கம் தடுக்கும் செயலைத் தன் சீருடை ஏவ, இரண்டுக்கும் நடுவே நின்ற மனிதன் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் என்ன சொல்லியிருப்பான்? பொது மக்களின் ஏச்சும் சாபமும் இவர்கள் தலையிலேயே விழுந்தன. குழு உறுப்பினர் எவருடைய கதவையும் எவரும் தட்டவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நோய் புதிது, அதன் இயல்பு எவருக்கும் முழுதாகத் தெரியாத காலம், அத்தகைய வேளையில் அளவுக்கு மீறிய எச்சரிக்கை குற்றமாகுமா? ஒவ்வொரு வைத்தியரும் தத்தமக்குத் தோன்றியபடி நடந்தால் தொற்றைக் கட்டுப்படுத்துவது எங்ஙனம்? இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. கொள்ளைநோயின் நடுவே ஒழுங்குக்கு ஓர் அறமதிப்பு உண்டு. மார்ச் மாதத்தில் கையொப்பமிட்ட வைத்தியரை நாம் டிசம்பரில் கையொப்பமிட்டவரோடு ஒன்றாக வைக்க மாட்டோம். ஆனால் எச்சரிக்கை என்பது புதிய அறிவு வரவர மாறவேண்டியது. மாத்திரமன்று, எச்சரிக்கையின் விலையை யார் செலுத்துகிறார் என்றும் கேட்கவேண்டும். எல்லோரும் முகக்கவசம் அணிந்தார்கள், எல்லோரும் ஊரடங்கில் கிடந்தார்கள். அது பொதுச் சுமை. இதுவோ, இறந்தோரை எரிப்பதைத் தமது வழமையாகக் கொண்டோருக்கு ஒரு சிறு இடைஞ்சலாகவும், புதைப்பதைக் கடமையாகக் கொண்டோருக்குப் பேரிடியாகவும் அமைந்தது. விலை முழுவதையும் பிறர் செலுத்தும்போது எவரும் தாராளமாக எச்சரிக்கை கொள்ளலாம்.

சரி, தெரிந்தவர்கள் ஏன் பேசவில்லை? அச்சம் என்று ஒரே சொல்லில் விடை சொல்வது எளிது. ஆனால் அச்சம் எல்லோர்க்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. எமது புத்தளம் மாவட்டமும் அயலிலுள்ள குருநாகல் மாவட்டமும் ஒரே மாகாணத்தவை. குருநாகல் போதனா வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பிரிவிற் பணியாற்றிய வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் மீது, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதமே ஆகியிருந்த 2019 மே மாதத்தில், சிங்களத் தாய்மாரைக் களவாக மலடாக்கினார் என்று ஒரு நாளேடு பழி சுமத்தியது. மறுநாள் அவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றனர். அவரோடு பணிபுரிந்த தாதியர்களின் வாக்குமூலங்களையும் பதிவுசெய்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையிற் பிணை கிடைத்தது. வேலையோ நெடுங்காலம் கிடைக்கவில்லை. இதனை நேரிற் பார்த்த முஸ்லிம் வைத்தியர் ஒருவர், ஓராண்டு கழியுமுன் வந்த தகனக் கட்டளைக்கு எதிராகத் தனியே வாய் திறப்பார் என எதிர்பார்ப்பது நியாயமா?

தமிழ் வைத்தியருக்கும் பாடம் உண்டு. 2009இல் வன்னியின் இறுதி மாதங்களில், எறிகணை வீழ்ந்த வைத்தியசாலைகளிலிருந்து இறந்தோர் காயமுற்றோர் பற்றிய செய்தியை வெளியுலகுக்குச் சொன்னவர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா முதலிய அரச வைத்தியர்களே. மே மாதத்தில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் பத்திரிகையாளர் முன் கொணரப்பட்டு, தாம் சொன்ன எண்ணிக்கைகள் புலிகளின் நெருக்குதலால் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். காவலில் இருந்தபடியே அவ்வாறு சொல்லவேண்டி நேர்ந்ததெனப் பின்னாளில் வெளிநாடு சென்ற வரதராஜா கூறினார். காயத்துக்கு மருந்திட்டவனின் வாயையே இறுதியிற் கட்டிவிட்ட நாடு இது.

ஆகவே அச்சம் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டியவர்கள் யார் என்பதே எமது கேள்வி. பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த, மூப்பும் பட்டமும் உடைய, தொழிற்சங்கப் பின்பலமுள்ள வைத்தியர்கள். அவர்களுட் பலர் நல்லவர்கள். இரகசியமாகத் தம் முஸ்லிம் நண்பர்களிடம் வருந்தினார்கள் என்றும் அறிகிறோம். அந்த இரகசிய வருத்தத்தால் ஒரு ஜனாஸாகூடக் காக்கப்படவில்லை. சம்பளப் படிக்காகவும் இடமாற்றக் கட்டளைக்காகவும் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த தொழிலினர் இவர்கள். அவ்வுரிமையை நாம் பழிக்கவில்லை. உழைப்போர் யாவர்க்கும் அது உரியது. ஆனால் ஊதியத்துக்கு ஒன்றுகூடும் கை மனச்சாட்சிக்கு ஒன்றுகூடாதது ஏன்? 2020 ஜூலையில், பொதுத் தேர்தலுக்கு முன், சுகாதார விதிகளுக்குச் சட்ட வலு வழங்கப்படவில்லை என்று கூறிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கொவிட் பணிகளிலிருந்து விலகி நின்றதை நாடு கண்டது. வைத்தியர்களை விடக் கீழ்ப்படியில் நின்ற உத்தியோகத்தர்கள் அவர்கள். சட்டமில்லாத கட்டளைக்குப் பணிய மறுக்கச் சங்கம் இருந்தால், சான்றில்லாத கட்டளைக்குப் பணிய மறுக்கவும் அதே சங்கத்தால் இயலும்.

வைத்திய உலகம் முற்றாக ஊமையாயிருந்தது என்று சொல்வது அநீதி. 2020 டிசம்பர் இறுதியில் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு, எரிப்பதையும் புதைப்பதையும் அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. சமுதாய வைத்தியர் கல்லூரி அதே காலத்தில் அவ்வாறே சொன்னது. 2021 ஜனவரி பிறந்தவுடன் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைக்கலாம் என அறிக்கை விடுத்தது. அரசாங்கம் உடனே இணங்கவில்லை. பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் பாராளுமன்றத்திற் சொன்ன சொல்லும் மறுநாள் மழுப்பப்பட்டது. பாகிஸ்தான் பிரதமர் வந்துபோன பின்னர், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரத்திலேயே, பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானி வந்தது. கற்றோர் சொல் வெல்லவில்லை, இராசதந்திரமே வென்றது என்று இதனைக் கண்டு சிலர் கசப்புறலாம். எமக்கு வேறொன்று புலப்படுகிறது. அந்த ஜனவரிக்குப் பின்னர் "விஞ்ஞானம் இப்படிச் சொல்கிறது" என்ற போர்வையை எவராலும் போர்த்திக்கொள்ள முடியவில்லை. கட்டளை தன் மெய்யுருவோடு, இன வெறுப்புக்கு அடிபணிந்த அரசியலாக, வெளியே நின்றது. அந்தச் சொல் ஏப்ரலில் அல்லது மேயில் வந்திருந்தால்?

இக்கேள்வியை எழுதும்போது எமது கை கூசுகிறது. ஆசிரியர்களாகிய நாமும் அரச உத்தியோகத்தரே. அந்த ஒன்பது மாதங்களில் நாமும் ஒரு வரி எழுதவில்லை. ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இணையவழிக் கற்பித்தலின் தரவுச் செலவைப் பற்றிப் பேசினோம். பக்கத்து வீட்டு ஜனாஸாவைப் பற்றிப் பேசவில்லை. அது சுகாதாரப் பகுதியினரின் விடயம் என்று ஒதுங்கினோம். அவர்கள் அமைச்சின் விடயம் என்று ஒதுங்கினார்கள். அமைச்சு குழுவைக் காட்டியது. குழு விஞ்ஞானத்தைக் காட்டியது. விஞ்ஞானமோ வேறு திசையில் நின்றுகொண்டிருந்தது.

அறத் தவிப்பு என்ற சொல் இப்போது மருத்துவ ஏடுகளில் பெருவழக்காகிவிட்டது. அதற்கு ஆற்றுப்படுத்தல், மூச்சுப் பயிற்சி, விடுமுறை என்று பலவகை மருந்துகளும் சொல்லப்படுகின்றன. உறக்கம் இழந்த தாதிக்கு ஓய்வு வேண்டியதுதான். எனினும், ஒரு மனிதன் தவறான செயலைச் செய்ய ஏவப்பட்டதால் நொந்துபோனால், அந்த நோவு அவன் உள்ளத்தின் கோளாறா? எரிகிற வீட்டில் இருப்பவன் சூடு தாங்கவில்லை என்று அலறும்போது, அவனுடைய தோலுக்கு மருந்து தேடுவது போன்றது இது. 1848இல் மேல்சிலேசியாவில் காய்ச்சல் பரவிய காரணத்தை ஆராயப் பிரஷ்ய அரசு அனுப்பிய இளம் வைத்தியர் ருடோல்ப் விர்ச்சோ, மக்களுக்குக் கல்வியும் சுதந்திரமும் மக்களாட்சியும் வேண்டும் என அறிக்கை எழுதித் தந்தார். அனுப்பியவர்கள் அதனை விரும்பவில்லை. வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை நான்கு என்றார். அவர் காலத்தில் வைத்தியன் அரச சம்பளத்தில் இல்லைப் போலும். இன்று ஐந்தாவதாக அரசையும் எண்ணவேண்டியிருக்கிறது. நோயும் சிலவேளை அங்கிருந்தே வருகிறது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நிலத்தடி நீருக்கு அடக்கத்தால் ஆபத்து இல்லை எனப் பின்னர் நடந்த நீராய்வுகள் காட்டியதையும் அது குறிப்பிட்டது. மன்னிப்பை நாம் இகழவில்லை. இந்நாட்டில் அரசு மன்னிப்புக் கேட்பது அரிது. ஆயினும் அது யாருடைய மன்னிப்பு? ஒப்பமிட்ட கைகளுக்குப் பெயர் இல்லை. ஏவலைச் செய்யவேண்டியிருந்த சிற்றூழியருக்கு ஆறுதலும் இல்லை. ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,600க்கும் மேற்பட்டோர் தத்தம் ஊரைவிட்டு வந்து மண்ணுக்குள் கிடக்கின்றனர். முஸ்லிம்கள் மாத்திரமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அருகருகே உள்ளனர். வைத்தியர் ஷாபியோ, 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட தொகையை, மருந்தில்லாது தவித்த நாட்டுக்கு அத்தியாவசிய மருந்து வாங்குமாறு சுகாதார அமைச்சிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அந்த அமைச்சிலிருந்து அல்லது அந்த நாளேட்டிலிருந்து என்ன கிடைத்தது என்று நாம் இங்கே கேட்கப் போவதில்லை.

இப்சன் 1882இல் எழுதிய 'மக்கள் விரோதி' நாடகத்தில் வரும் வைத்தியன், ஊரின் நீராட்டு நிலையத்து நீர் அசுத்தமானது என்று கண்டு சொன்னதற்காக ஊராராலேயே கல்லெறியப்படுகிறான். எமது கதை தலைகீழானது. நீர் அசுத்தமாகவில்லை என்று சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. இப்போது கற்பிட்டியின் நீருக்கே வருவோம். இக்குடாநாட்டின் கிணற்று நீர் மெய்யாகவே கெட்டிருக்கிறது. அதற்குக் காரணம் மையவாடிகள் அல்ல. மணல் நிலத்தில் ஆண்டு முழுதும் கொட்டப்படும் இரசாயன உரத்தின் நைத்திரேற்று, மணலினூடே விரைந்திறங்கி நீரோடு கலக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை; இங்குள்ள விவசாயக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் 1990கள் தொட்டே எழுதி வருகின்றனர். புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடல் நீலம் பாரிக்கச் செய்யக்கூடியது அந்நஞ்சு. இந்த நீருக்காக நான்கு நாட்களில் எந்த அறிவுறுத்தலும் மாறவில்லை. நள்ளிரவில் எந்த வர்த்தமானியும் அச்சாகவில்லை. உரக் கம்பனிக்கும், அந்த உரமின்றி வெங்காயம் விளைவிக்க வழியறியாத கடனாளி விவசாயிக்கும் நடுவே நின்று, இதனைத் தாய்மார் கிளினிக்கில் உரத்துச் சொல்லவேண்டிய மருத்துவ மாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் எம்மூரிலேயே இருக்கின்றனர். சொன்னால் ஊர் அவர்களை எப்படிப் பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த மாணவியிடம் மறுவாரம் எமது விடையைத் திருத்திச் சொன்னோம். தெரிந்துதான் வைத்தார்கள், பிள்ளை. எல்லோருமல்ல, ஆனால் பலர் தெரிந்துதான் வைத்தார்கள் என்றோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், எமது பாடசாலைக் கிணற்று நீரை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றோம்.